பெட்ரோல் கசிந்த நிலத்தடி நீர் தானாகச் சுத்தமாகிறதா? கிணற்றடியில் நின்று கண்டுபிடிக்கும் முறை

பெட்ரோல் கசிந்த இடத்துக் கண்காணிப்புக் கிணற்றிலிருந்து எடுத்த தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, வெட்டவெளியில் நிழலாகப் பார்த்து வையுங்கள். ஊற்றும்போது பளிச்சென்று தெளிவாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் லேசாகக் கலங்கும். அப்புறம் வெளிறிய ஆரஞ்சு நிறம் ஏறி, அடியில் துருப்பொடி போல ஏதோ படியும்.

நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருடம் இதைப் பார்த்துவிட்டு, 'கிணற்றுக் குழாய் துருப்பிடித்திருக்கிறது' என்று களக்குறிப்பேட்டில் எழுதினேன். உடனிருந்த மூத்தவர் அதைப் படித்தார். "குழாய் பிளாஸ்டிக் ஆச்சேம்மா, அதுல ஏது இரும்பு? இது மண்ணுல இருந்த இரும்பு. கீழே நுண்ணுயிருங்க பெட்ரோலைத் தின்னுட்டு இருக்கு, அதோட அடையாளம்தான் இது" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன அந்த 'அடையாளம்' என்ற சொல்தான் இருபது ஆண்டுகளாக என் வேலையாக இருக்கிறது.

பெட்ரோலும் டீசலும் கலந்த நிலத்தடி நீர் இயற்கையாகவே சுத்தமாகும் என்பது உண்மை. ஆனால் 'தானாக' என்ற சொல்லைக் கேட்டதும், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். சுத்தம் செய்கிற வேலை நுண்ணுயிர்களுடையது, சரி. அந்த வேலை நடக்கிறதா, போதிய வேகத்தில் நடக்கிறதா, யாருடைய குடிநீரையும் மாசு எட்டுவதற்கு முன்னால் முடியுமா என்று நிரூபிக்கிற வேலை நம்முடையது. அந்த நிரூபணத்தை எப்படிச் சேர்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் பொறுப்பில் இப்படி ஒரு இடம் இருந்தாலும் சரி, அதன் பக்கத்தில் நீங்கள் குடியிருந்தாலும் சரி, எந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது.

கீழே நடப்பது என்ன

பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. மண்ணுக்குள் இறங்கி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன்மேல் மிதந்து பரவும். நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும்போது, அந்த உயர வித்தியாசம் முழுக்க மண்துகள்களில் எண்ணெய் பூசிக்கொள்ளும். இதுதான் மூலம். இதிலிருந்து பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரையும். நான்கில் அதிகம் கரைவது பென்சீன். புற்றுநோய் உண்டாக்குவதும் அதுதான் என்பதால் குடிநீரில் அதற்கான வரம்பு மிகக் கடுமையானது. உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்கிறது, அமெரிக்கச் சட்டம் 5 என்கிறது.

கரைந்த மாசு, நீரோட்டம் போகிற பக்கமாக நீண்டு கிடக்கும். துறைக்காரர்கள் அதைப் 'ப்ளூம்' என்போம். நான் 'மாசுவால்', அதாவது மாசின் வால், என்று எழுதுகிறேன், அதன் வடிவம் அப்படித்தான் இருக்கிறது.

மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு இந்த ஹைட்ரோகார்பன்கள் உணவு. உணவை எரிக்க நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல அவற்றுக்கும் ஏதாவது ஒன்று வேண்டும். முதலில் கரைந்த ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அது தீர்ந்தால் நைட்ரேட். பிறகு மண்துகள்மேல் பூசியிருக்கும் மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள். பிறகு சல்ஃபேட். எல்லாம் தீர்ந்த இடத்தில் மீத்தேன் உண்டாக்கும் கூட்டம் வேலையை எடுத்துக்கொள்ளும். இரும்பு ஆக்சைடைச் சுவாசித்த பிறகு, அந்த இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறித் தண்ணீரில் கலக்கிறது. வெளியே எடுத்ததும் காற்றுபட்டு மறுபடி துருவாகிறது. குப்பியில் தெரிந்த ஆரஞ்சு அதுதான்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பெமிட்ஜி என்ற ஊருக்குப் பக்கத்தில், 1979 ஆகஸ்ட் 20 அன்று கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்து சுமார் 17 லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டியது. முடிந்தவரை அள்ளி எடுத்த பிறகும் ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர் மண்ணிலேயே தங்கிவிட்டது. 1983லிருந்து அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் அந்த இடத்தை ஒரு திறந்தவெளி ஆய்வுக்கூடமாகவே வைத்துப் படித்துவருகிறது. ஆக்சிஜன் இல்லாத ஆழத்திலும் பாக்டீரியாக்கள் இரும்பைச் சுவாசித்து எண்ணெயை உடைக்கின்றன என்று களத்திலேயே காட்டிய இடங்களில் அது முக்கியமானது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே எண்ணெய் தீரவில்லை. இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள்: வேலை நடக்கிறது, மூலம் கிடக்கும்வரை நடந்துகொண்டே இருக்கிறது.

இயற்கையிடம் விடுவதற்கு முன்னால்

கசிவு நின்றுவிட்டதா? தொட்டியையும் குழாய்களையும் அழுத்தச் சோதனை செய்து பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். தினமும் புதிதாகப் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தால், எந்த நுண்ணுயிராலும் அதை வெல்ல முடியாது.

மிதக்கும் எண்ணெயை எடுத்தாயிற்றா? எண்ணெய், தண்ணீர் இரண்டின் மட்டத்தையும் தனித்தனியாகக் காட்டும் இன்டர்ஃபேஸ் அளவி ஒன்று வாங்குங்கள். கிணற்றில் விரல் கனத்துக்கு எண்ணெய் நின்றால், முதலில் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். எட்டும் ஆழத்தில் எண்ணெய் ஊறிய மண் இருந்தால் தோண்டி அகற்றுங்கள். மூலத்தில் ஒரு நாள் உழைப்பு, வாலில் பல ஆண்டுக் காத்திருப்பைக் குறைக்கும் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

நீரோட்டம் போகிற பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? குடிநீர்க் கிணறு, ஓடை, அடித்தளமுள்ள கட்டடம் எல்லாவற்றையும் நடந்துபோய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் இல்லாத கிணறுகள் எப்போதும் இருக்கும், அதனால் வீடுவீடாகக் கேளுங்கள். பெட்ரோல் ஆவி மண் வழியாக ஏறி மூடிய அறைகளுக்குள் புகும், அதையும் தனியாகச் சோதிக்க வேண்டும். குடிக்கிற கிணறு பக்கத்தில் இருந்து, மாசுவால் இன்னும் நீண்டுகொண்டிருந்தால், இயற்கைச் சுத்திகரிப்பு மட்டும் போதாது. இதில் நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்கமாட்டேன்.

பெட்ரோலில் வேறு என்ன இருந்தது என்றும் விசாரியுங்கள். எம்டிபிஇ என்ற சேர்மானம் கலந்த பெட்ரோல் என்றால் கணக்கு மாறும். அது பென்சீனைவிடப் பல மடங்கு கரையும், மண்ணில் ஒட்டாது, மெதுவாகத்தான் சிதையும், தண்ணீரோடு சேர்ந்து ஓடும். எத்தனால் கலந்திருந்தால் சிக்கல் வேறு மாதிரி: பாக்டீரியாக்களுக்கு எத்தனால்தான் ருசி. அதை முதலில் தின்று ஆக்சிஜனையும் சல்ஃபேட்டையும் தீர்த்துவிடுவதால், பென்சீன் காத்திருந்து மேலும் தூரம் போகும். ஈயம் கலந்த பழைய பெட்ரோல் என்றால், ஈயத்தோடு சேர்த்துக் கலந்த எத்திலீன் டைபுரோமைடையும் சோதியுங்கள். அமெரிக்கச் சட்டத்தில் அதன் வரம்பு பென்சீனின் வரம்பைவிட நூறு மடங்கு குறைவு.

தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது

நிலம் சரிகிற பக்கம்தான் நிலத்தடி நீரும் போகும் என்று வைத்துக்கொண்டு கிணறு போடுகிறவர்கள் உண்டு. பல சமயம் சரியாகவும் இருக்கும். ஆனாலும் அளந்துதான் சொல்ல வேண்டும். ஒரே கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளாவது வேண்டும். ஒவ்வொரு குழாயின் விளிம்பிலும் அழியாத மையால் ஒரு குறி போட்டு, அந்தக் குறியின் உயரத்தை சர்வே செய்து வையுங்கள். குறியிலிருந்து நீர்மட்டம் வரை ஒரே நாளில் எல்லாக் கிணறுகளிலும் அளந்துவிடுங்கள். எண்ணெய் மிதக்கும் கிணற்றில் அதன் எடை தண்ணீரைக் கீழே அழுத்தியிருக்கும். 30 சென்டிமீட்டர் பெட்ரோல் நின்றால், அதன் அடர்த்தி 0.75 என்று வைத்து, நீர்மட்டத்தோடு 22.5 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். இதை மறந்தால் நீரோட்டத்தின் திசையே தப்பாக வரும்.

வேகமும் தெரிய வேண்டும். மண்ணின் நீர் கடத்துத்திறனை நீர்மட்டச் சரிவால் பெருக்கி, நீர் ஓடக்கூடிய துளைகளின் பங்கால் வகுத்தால் போதும். ஒரு மணற்பாங்கான நிலத்துக்குக் கடத்துத்திறன் நாளுக்கு 5 மீட்டர், சரிவு 0.004, துளைப்பங்கு 0.25 என்று வையுங்கள். நாளுக்கு 0.08 மீட்டர், அதாவது ஆண்டுக்கு 29 மீட்டர் வரும். பென்சீன் மண்ணில் கொஞ்சம் ஒட்டி ஒட்டிப் போவதால் இதைவிடச் சற்று மெதுவாக நகரும். இப்போது யோசியுங்கள்: கசிவு பத்து ஆண்டுக்கு முந்தையது, தண்ணீர் 290 மீட்டர் போயிருக்க வேண்டும், ஆனால் பென்சீன் 70 மீட்டருக்கு அப்பால் இல்லை. அப்படியென்றால் நடுவில் யாரோ தின்றிருக்கிறார்கள் என்பதற்கு இது முதல் தடயம். இது அரிதான காட்சியும் இல்லை. 1990களில் கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் நூற்றுக்கணக்கான கசிவு இடங்களை அலசியபோது, பெரும்பாலான பென்சீன் வால்கள் 250 அடிக்குள், அதாவது சுமார் 76 மீட்டருக்குள் அடங்கியிருந்தன.

கிணறுகளை வைக்கும் இடம் முக்கியம். மாசே படாத மேல்பக்கத்தில் ஒன்று, மூலத்தில் ஒன்று, வாலின் நடுக்கோட்டில் இரண்டு மூன்று, இரு ஓரங்களில் ஒவ்வொன்று, கடைசியாக வாலின் நுனிக்கு அப்பால் ஒரு காவல் கிணறு. காசைக் குறைக்க எல்லோரும் முதலில் வெட்டுவது மேல்பக்கக் கிணற்றைத்தான். அது இல்லாவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இருக்காது.

மாதிரி எடுப்பது

இதில் நேரம் செலவழியுங்கள். ஆய்வகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கிணற்றடியில் கெட்டுப்போன மாதிரியைக் காப்பாற்ற முடியாது.

பெய்லர் வாளியைக் கிணற்றில் விட்டு மொண்டு எடுப்பதை நான் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வாளி விழுகிற ஒவ்வொரு முறையும் தண்ணீர் கலங்கும், காற்று கலக்கும், பென்சீன் ஆவியாகும், கரைந்த இரும்பு துருவாகும். அதற்குப் பதிலாக நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் அளவில் மெதுவாக இழுக்கும் பம்பை வையுங்கள். நீர்மட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்காதபடி வேகத்தைச் சரிசெய்யுங்கள். வெளியே வரும் தண்ணீரை, காற்று படாத ஓட்டக்கலம் வழியாக விட்டு, பிஎச், மின்கடத்தல், கரைந்த ஆக்சிஜன், ரெடாக்ஸ் மின்னழுத்தம் (ஆக்சிஜன் உள்ள சூழலா, அற்ற சூழலா என்று காட்டுவது) ஆகியவற்றைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை எழுதுங்கள். அடுத்தடுத்து மூன்று அளவீடுகளில் பிஎச் 0.1க்குள், மின்கடத்தல் 3 சதவீதத்துக்குள், ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குள், ரெடாக்ஸ் 10 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால், குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போய் மண்ணிலிருந்து புதுத் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். அப்போதுதான் குப்பியை எடுக்க வேண்டும்.

பென்சீனுக்கு 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பி, உள்ளே முன்பே சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம். குப்பியைச் சாய்த்து, குழாயின் நுனியைச் சுவரோரமாக வைத்து, தண்ணீர் சத்தமில்லாமல் வழுக்கி இறங்கும்படி விடுங்கள். நிரம்பி, விளிம்புக்கு மேலே குமிழ்போல மேடிட்டு நிற்கும்போது மூடியைத் திருகுங்கள். பிறகு தலைகீழாக்கி, விரலால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் அந்தக் குப்பி வேண்டாம், புதிதாக ஒன்று எடுங்கள். அந்தக் குமிழிக்குள் உங்கள் பென்சீனில் ஒரு பங்கு போய்விட்டது. குப்பிகளை உடனே பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரிக்கு வைத்து, 14 நாட்களுக்குள் சோதித்து முடிக்கச் சொல்லுங்கள்.

கரைந்த இரும்பை ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்காதீர்கள். கிணற்றடியிலேயே நிறச்சோதனைக் கிட்டில் பார்த்துவிடுங்கள். கரைந்த ஆக்சிஜனும் அப்படித்தான். நைட்ரேட், சல்ஃபேட், மீத்தேன், காரத்தன்மை ஆகியவை ஆய்வகத்துக்குப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. சல்ஃபேட் தீர்ந்த கிணற்றில் அழுகிய முட்டை நாற்றம் வரும், இழுகுழாய் கறுத்துப்போய் வரும். நல்ல அடையாளங்கள்தான். ஆனால் மூக்கை வைத்து முகர்ந்து பார்க்காதீர்கள். கிணற்றைத் திறந்ததும் காற்று வருகிற பக்கமாக நின்று, ஆவி அளவியை நீட்டிப் பார்த்த பிறகே குனியுங்கள். நைட்ரைல் கையுறையை ஒவ்வொரு கிணற்றுக்கும் மாற்றுங்கள். சுத்தமான கிணற்றில் தொடங்கி, மாசு அதிகமான கிணற்றில் முடியுங்கள்.

பாக்டீரியாக்களின் கணக்குப்புத்தகம்

இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

பாக்டீரியாக்கள் எதை எவ்வளவு செலவழித்தன என்பது தண்ணீரில் எழுதியிருக்கும். 1 மில்லிகிராம் ஹைட்ரோகார்பனைத் தின்ன 3.14 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும், அல்லது 4.9 மில்லிகிராம் நைட்ரேட், அல்லது 4.7 மில்லிகிராம் சல்ஃபேட். இரும்பு வழியாகத் தின்றால் 21.8 மில்லிகிராம் கரைந்த இரும்பு வெளியே வரும். மீத்தேன் வழியாக என்றால் 0.78 மில்லிகிராம் மீத்தேன் வரும். வேதியியல் சமன்பாட்டிலிருந்து நேராக வருகிற எண்கள் இவை.

நான் பார்த்த ஒரு இடத்தின் எண்களைக் கொஞ்சம் முழுமைப்படுத்திச் சொல்கிறேன், எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில். மாசுபடாத மேல்பக்கக் கிணற்றில் ஆக்சிஜன் 6, நைட்ரேட் 12, சல்ஃபேட் 30. இரும்பும் மீத்தேனும் இல்லை. மூலத்துக் கிணற்றில் ஆக்சிஜன் 0.3, நைட்ரேட் 0.5, சல்ஃபேட் 2, இரும்பு 18, மீத்தேன் 5. இப்போது கணக்கு: ஆக்சிஜன் 5.7 செலவாகி 1.8 மில்லிகிராம் மாசைத் தின்றிருக்கிறது. நைட்ரேட் 2.3. சல்ஃபேட் 6. இரும்பு 0.8. மீத்தேன் 6.4. மொத்தம் 17க்குச் சற்று மேல். அந்த நிலத்தடி நீருக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 17 மில்லிகிராம் ஹைட்ரோகார்பனைச் செரிக்கும் வலு இருக்கிறது. அங்கே கரைந்திருந்த நான்கு சேர்மங்களின் கூட்டுத்தொகை 12.

ஆக்சிஜனின் பங்கைக் கவனியுங்கள், மொத்தத்தில் பத்தில் ஒன்றுதான். ஆக்சிஜன் இல்லையென்றால் எதுவும் சிதையாது என்று பலர் நம்புகிறார்கள். இங்கே முக்கால்வாசி வேலையைச் சல்ஃபேட்டும் மீத்தேனும் செய்திருக்கின்றன.

இரண்டு இடங்களில் கணக்கு வழுக்கும். சில ஆய்வகங்கள் நைட்ரேட்டை நைட்ரஜனாகக் கணக்கிட்டுத் தரும், அப்போது எண்ணை 4.4ஆல் பெருக்க வேண்டும். அறிக்கையின் அலகைப் படிக்காமல் கணக்குப் போடாதீர்கள். அடுத்தது, பாக்டீரியாக்கள் நம் நான்கு சேர்மங்களை மட்டும் தின்பதில்லை, பெட்ரோலில் இருக்கும் மற்றவற்றையும் அதே ஆக்சிஜனிலும் சல்ஃபேட்டிலும்தான் தின்கின்றன. ஆகவே 12ஐவிட 17 பெரிது என்பதால் வேலை முடிந்தது என்று எழுதிவிடாதீர்கள். கரைந்த இரும்பில் பெரும்பகுதி மறுபடி மண்ணில் படிந்துவிடும் என்பதால், இரும்பின் உண்மையான பங்கு கிணற்றில் தெரிவதைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீர்த்துப்போனதா, சிதைந்ததா?

நுனியில் பென்சீன் குறைந்திருப்பது வெறுமனே நல்ல தண்ணீர் கலந்ததால்கூட இருக்கலாம். இதைப் பிரிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பெட்ரோலிலேயே இருக்கும், சுலபமாகச் சிதையாத டிரைமெத்தில்பென்சீனையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். மூலத்திலிருந்து நடுவாலுக்குப் போவதற்குள் பென்சீன் 4,000 மைக்ரோகிராமிலிருந்து 400 ஆகிறது, பத்து மடங்கு குறைவு. டிரைமெத்தில்பென்சீன் 300லிருந்து 150 ஆகிறது, இரண்டு மடங்கு. நீர்த்துப்போனதும் மண்ணில் ஒட்டியதும் சேர்ந்து இரண்டு மடங்கைத்தான் விளக்கும். மீதி ஐந்து மடங்கு சிதைந்தது. டிரைமெத்தில்பென்சீனும் கொஞ்சம் சிதையும், பென்சீனைவிட அதிகமாக ஒட்டும் என்பதால், இந்தக் கணக்கு சிதைவைக் குறைத்தே காட்டும். குறைத்துக் காட்டுவது நமக்குப் பாதுகாப்பு.

சந்தேகம் நீடித்தால், மீதமுள்ள பென்சீனில் கார்பன்-13 (கார்பனின் கனமான வகை) கூடியிருக்கிறதா என்று ஐசோடோப்பு சோதனை செய்யலாம். பாக்டீரியாக்கள் லேசான கார்பனை முதலில் உடைப்பதால் மிச்சம் கனமாகும். நீர்த்துப்போவதால் அப்படி ஆகாது.

1999ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட வழிகாட்டல் கேட்பதும் இந்த வரிசையில்தான்: பல ஆண்டு அளவுகள் இறங்குவது ஒரு சான்று, நீரின் வேதியியல் காட்டுவது இரண்டாவது, அவை போதாதபோது களத்திலோ ஆய்வகத்திலோ நுண்ணுயிர்ச் செயலை நேரடியாகக் காட்டுவது மூன்றாவது.

போக்கும் காலமும்

முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாதிரி எடுங்கள். நீர்மட்டம் ஏறும் பருவமும் இறங்கும் பருவமும் அதில் வந்துவிட வேண்டும். ஏற்ற இறக்கம் புரிந்த பிறகு இடைவெளியைக் கூட்டலாம்.

சில தவணைகள் விடுபட்டு, மூலக் கிணற்றில் மூன்று ஆண்டுகளில் எட்டு அளவுகள் வந்திருக்கின்றன என்று வையுங்கள், லிட்டருக்கு மைக்ரோகிராமில்: 4200, 3900, 4050, 3300, 2900, 3000, 2400, 2100. ஒவ்வோர் எண்ணையும் அதற்குப் பின்னால் வரும் எல்லா எண்களோடும் ஒப்பிடுங்கள். கூடியிருந்தால் +1, குறைந்திருந்தால் −1. மொத்தம் 28 ஜோடிகள், 26 இறக்கம், 2 ஏற்றம், ஆகவே −24. மான்-கெண்டல் சோதனை என்று இதற்குப் பெயர். எட்டு அளவுகளுக்கு −16 வந்தாலே, இறங்குகிறது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். ஒரு தாளும் பென்சிலும் போதும். கண்ணால் பார்த்து 'குறைகிற மாதிரிதான் இருக்கு' என்று சொல்லும் பழக்கத்தை இது நிறுத்தும்.

காலம் இதிலேயே இருக்கிறது. 4200 பாதியாகி 2100 ஆக மூன்று ஆண்டுகள் ஆனது என்றால், அதே வேகத்தில் 5ஐத் தொட, தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 29 ஆண்டுகள் ஆகும். இந்த எண்ணை உரியவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தத் தண்ணீர் 29 ஆண்டுகளுக்கு யாருக்கும் தேவைப்படாது என்றால் காத்திருக்கலாம். தேவைப்படும் என்றால் மூலத்தில் இன்னும் உழைக்க வேண்டும். ஒரு கிணற்றில் ஆண்டுதோறும் குறையும் வேகம் வேறு, மூலத்திலிருந்து தள்ளிப்போகப் போகக் குறையும் வேகம் வேறு. முதலாவதுதான் எத்தனை ஆண்டு என்பதைச் சொல்லும், இரண்டாவது வால் எவ்வளவு தூரம் நீளும் என்பதைச் சொல்லும். இரண்டையும் குழப்பி, 29 ஆண்டை 4 ஆண்டாக்கிய அறிக்கைகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நான் தப்பாக எழுதிய ஒரு வரி

ஒரு எரிபொருள் நிலையத்தில், மூலத்திலிருந்து 60 மீட்டர் தள்ளி இருந்த கிணற்றில் பென்சீன் ஒன்றரை ஆண்டில் 640லிருந்து 20க்குக் கீழே வந்தது. 'மாசுவால் சுருங்குகிறது' என்று அறிக்கையில் எழுதியது நான்தான். இடத்துக்குப் பொறுப்பானவர்கள் மகிழ்ந்தார்கள், நானும்தான்.

ஆனால் மூலக் கிணறு அதே 3,800லேயே நின்றது. அது என்னைத் தூங்கவிடவில்லை. அடுப்பு அணையவே இல்லை, புகை மட்டும் எப்படி நின்றது? பழைய நீர்மட்ட அளவுகளையெல்லாம் எடுத்து, ஒவ்வொரு காலாண்டுக்கும் ஒரு தாளில் சமஉயரக் கோடுகள் வரைந்து அம்புக்குறி போட்டேன். முதல் நான்கு தாள்களில் அம்பு ஒரே பக்கம் பார்த்தது. ஐந்தாவதிலிருந்து மெல்லத் திரும்பி, கடைசித் தாளில் 30 டிகிரி விலகியிருந்தது. அடுத்த மனையில் யாரோ புதிதாக ஆழ்குழாய்க் கிணறு போட்டு இறைக்க ஆரம்பித்திருந்தார்கள். வால் சுருங்கவில்லை, எங்கள் கிணறுகளை விட்டு விலகித் திரும்பியிருந்தது. புதிய திசையில் இரண்டு கிணறுகள் போட்டோம். ஒன்றில் பென்சீன் 510. அந்த ஆழ்குழாய்க் கிணற்றின் தண்ணீரை அதுவரை யாரும் குடிக்கவில்லை, இறைப்பையும் நிறுத்தினார்கள். அறிக்கையைத் திரும்பப் பெற்று, ஏன் தப்பானது என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தேன்.

அன்றிலிருந்து வேதியியல் எண்களைப் பார்ப்பதற்கு முன்பு நீர்மட்ட அம்பைத்தான் முதலில் வரைகிறேன். நீங்களும் ஒவ்வொரு முறையும் வரையுங்கள். மூலம் மாறாமல் நுனி மட்டும் சட்டென்று சுத்தமானால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் திசையைப் பாருங்கள்.

மாற்றுத்திட்டமும் முடிவும்

தொடங்கும் நாளிலேயே, எந்த எண் வந்தால் காத்திருப்பதை நிறுத்துவோம் என்று எழுதி வையுங்கள். காவல் கிணற்றில் பென்சீன் தலைகாட்டினால், மூலத்தில் அளவு அடுத்தடுத்து ஏறினால், பக்கத்தில் புதிதாக யாராவது இறைக்க ஆரம்பித்தால் என்ன செய்வது என்று அதில் இருக்க வேண்டும். மண்ணின் ஆவியை உறிஞ்சுவதா, காற்றை ஊதுவதா, சல்ஃபேட் கரைசல் விடுவதா என்று அப்போதே தீர்மானித்திருந்தால், எண் வந்த அன்றைக்கு வேலை ஆரம்பமாகும்.

எல்லாக் கிணறுகளிலும் அளவு வரம்புக்குக் கீழே வந்த பிறகும் ஒரு முழு ஆண்டாவது அளந்துகொண்டிருங்கள். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது, மண்ணில் பூசிக்கிடந்த எண்ணெய் மறுபடி கரையும். மழைக்குப் பிந்தைய அளவும் வறண்ட காலத்து அளவும் கீழேயே நின்றால்தான் நம்பலாம்.

கடைசி மாதிரி எடுத்த பிறகு கிணறுகளைக் கைவிட்டுப் போய்விடாதீர்கள். குழாயில் அடியிலிருந்து மேல்வரை பென்டோனைட் (நீரில் உப்பும் களிமண்) சேர்த்த சிமென்ட் பாலை நிரப்பி அடையுங்கள். ஒவ்வொன்றும் எங்கே இருந்தது என்று வரைபடத்தில் குறித்து, நிலத்தின் ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள். திறந்து கிடக்கும் ஒரு கண்காணிப்புக் கிணறு, அடுத்த கசிவு நேராக நிலத்தடி நீருக்குள் இறங்குவதற்கான குழாய்.